நீலாம்பரி முதல் சேது வரை: 90-ஸ் ஹிட் படங்களை இப்போ பார்த்தா எப்படி இருக்கு?

ஞாயிற்றுக்கிழமை மதியம் டிவியைப் போட்டால் ஏதோ ஒரு சேனலில் 'சூர்யவம்சம்' ஓடிக்கொண்டிருக்கும். போனைத் திறந்தால் மீம்ஸில் வடிவேலு, கவுண்டமணி, நீலாம்பரி. 2025 டிசம்பரில் ரஜினியின் பிறந்தநாளையொட்டி 'படையப்பா' மீண்டும் தியேட்டருக்கே வந்துவிட்டது. 1999-ல் விசில் அடித்தவர்கள் இந்த முறை பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போனார்கள்.

சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. பக்கத்து சீட்டில் இருக்கும் பிள்ளை திடீரென்று கேட்கும்: "இதுக்கு ஏன் எல்லாரும் கை தட்டுறாங்க?" சில காட்சிகளுக்குப் பதில் சொல்வது ஈஸி. சில காட்சிகளுக்குப் பதில் வராது.

1996 முதல் 1999 வரை வந்த ஹிட் படங்களில் எவை இன்றும் நிற்கின்றன, எவை நெளிய வைக்கின்றன, ஏன்? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

டெக்னாலஜி பழசானால் படமும் பழசாகிவிடுமா?

பலரும் முதலில் கை காட்டுவது கிராபிக்ஸைத்தான். 1998-ல் வந்த ஷங்கரின் 'ஜீன்ஸ்' அன்றைக்குப் பெரிய அதிசயம். இரண்டு பிரசாந்த், இரண்டு ஐஸ்வர்யா ராய், ஒரே பாட்டில் உலக அதிசயங்கள். ஸ்பெஷல் எஃபெக்ட்ஸுக்கு தேசிய விருது கிடைத்தது. ஆஸ்கருக்கு இந்தியா அனுப்பிய படமும் அதுதான். இன்றைய கண்ணுக்கு அந்த கிராபிக்ஸ் சாதாரணமாகத் தெரியலாம். ஆனால் அதைப் பார்த்து யாரும் கோபப்படுவதில்லை. பழைய ஆல்பத்தில் பெல்பாட்டம் போட்ட மாமாவைப் பார்ப்பது போல ஒரு சிரிப்போடு கடந்துவிடுகிறார்கள்.

கதையே டெக்னாலஜியை நம்பி இருந்தால்? அகத்தியனின் 'காதல் கோட்டை' (1996) நல்ல உதாரணம். ஊட்டியில் இருக்கும் கமலி ரயில் பயணத்தில் சர்டிபிகேட்டுகளைப் பறிகொடுக்கிறாள். ஜெய்ப்பூரில் வேலை பார்க்கும் சூர்யா கையில் அவை கிடைக்கின்றன. அவன் தபாலில் அனுப்பி வைக்க, கடிதத்திலேயே காதல் வளர்கிறது. இருவரும் நேரில் பார்த்துக்கொண்டதே இல்லை.

"வாட்ஸ்அப் இருந்திருந்தா இந்தப் படம் பத்து நிமிஷத்துல முடிஞ்சிருக்கும்" என்று இன்று கிண்டல் செய்யலாம். உண்மைதான். ஆனாலும் படம் உடையவில்லை. காரணம், அது கேட்ட கேள்வி தபாலைப் பற்றியது இல்லை. முகம் தெரியாத ஒருவரை, அவர் நடந்துகொண்ட விதத்தை மட்டும் வைத்து நம்ப முடியுமா என்பதுதான் அந்தக் கேள்வி. போட்டோவைப் பார்த்து ஒரே விரலில் ஆளைத் தள்ளிவிடும் காலத்தில் அது இன்னும் கூர்மையாகியிருக்கிறது. இயக்கத்துக்கும் திரைக்கதைக்கும் அகத்தியனுக்கு தேசிய விருதுகளை வாங்கித் தந்த படம் இது. கடைசியில் ஸ்டேஷன் காட்சியில் இன்றும் படபடப்பு வருகிறது.

ஆக, போனும் கிராபிக்ஸும் மாறியதால் மட்டும் ஒரு படம் பழசாகிவிடாது.

நீலாம்பரி ஏன் இன்னும் பழசாகவில்லை?

'படையப்பா' ஒரு பாடம் நடத்துகிறது. பெண் என்றால் பொறுமை வேண்டும், அடக்கம் வேண்டும், கோபம் கூடாது. படையப்பாவே நீலாம்பரிக்கு நேருக்கு நேர் இந்த வகுப்பை எடுக்கிறார். பாடத்துக்கு உதாரணமாக நிற்பவர் சௌந்தர்யா நடித்த வசுந்தரா. நீலாம்பரி வீட்டில் வேலை செய்தவர், அமைதியானவர், அதனாலேயே படையப்பாவின் மனைவி ஆகிறவர்.

26 ஆண்டுகள் கழித்து யார் நினைவில் இருக்கிறார்? வசுந்தராவின் எத்தனை காட்சிகளைச் சொல்ல முடியும்? நீலாம்பரியைக் கேட்டால் வரிசையாக வரும்: கால் மேல் கால் போட்டு உட்கார்ந்த தோரணை, படையப்பா ஊஞ்சலை இழுத்துப் போடும்போது மாறும் பார்வை, 18 ஆண்டுகள் தன்னையே ஓர் அறையில் பூட்டிக்கொண்ட வைராக்கியம். கடைசியில் உயிர்ப்பிச்சை வேண்டாம் என்று தானே முடிவைத் தேடிக்கொள்கிறாள். மன்னிப்புக் கேட்கவே இல்லை.

கல்கியின் 'பொன்னியின் செல்வன்' நந்தினியின் சாயலில் உருவான பாத்திரம் அது. தோற்கடிக்கப்படுவதற்காகவே எழுதப்பட்டாலும், கே.எஸ்.ரவிக்குமாரின் திரைக்கதையும் ரம்யா கிருஷ்ணனின் நடிப்பும் ஹீரோவுக்குச் சமமான உயரத்தை அவளுக்குக் கொடுத்துவிட்டன.

90-களின் பல படங்களுக்கு இதை ஒரு சாவியாக வைத்துக்கொள்ளலாம். படம் வாய்விட்டுச் சொன்ன அறிவுரை பழசாகிவிட்டது. அந்த அறிவுரைக்குள் அடங்காத மனிதர்கள் பழசாகவில்லை.

'சேது'வின் இரண்டு பாதிகள்

மிகவும் கடினமான கேஸ் இதுதான். 1999 டிசம்பரில் வந்த பாலாவின் முதல் படம். விக்ரமுக்கு 'சீயான்' என்ற பெயரைக் கொடுத்த படம். சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதும் பெற்றது.

முதல் பாதியில் சேது தன்னைக் கண்டு பயப்படும் ஒரு பெண்ணைக் கடத்திக்கொண்டு போய், மிரட்டி, தன் காதலைச் சொல்கிறான். அதன் பிறகு அவளுக்கும் காதல் வந்துவிடுகிறது. இன்று பார்க்கும்போது அந்தப் பெண்ணின் முகத்தில் தெரிவது பயம் மட்டுமே. அது எந்த நொடியில் காதலாக மாறியது என்று படம் நம்ப வைக்கவில்லை.

"அந்தக் காலத்துல இதெல்லாம் தப்பா தெரியலப்பா" என்று சொல்பவர்கள் உண்டு. கொஞ்சம் பொறுங்கள்.

1998-ல் சென்னையில் சாலையில் நடந்து சென்ற கல்லூரி மாணவி ஒருவர், ஆட்டோவில் வந்த கும்பலின் சீண்டலில் கீழே விழுந்து, பிறகு உயிரிழந்தார். தமிழ்நாடே கொதித்தது. அதே ஆண்டு ஈவ் டீசிங்கைத் தடுக்கத் தனிச் சட்டம் வந்தது. 'சேது' ரிலீஸானது அதற்கு அடுத்த ஆண்டு. அதாவது, பெண்ணைத் துரத்துவது தப்பு என்று அன்றைய சமூகத்துக்கும் நன்றாகவே தெரிந்திருந்தது. ஆனால் திரைக்குள் போனதும், துரத்துபவன் ஹீரோ என்றால் கை தட்டினோம். 2013-ல், விருப்பமில்லாத பெண்ணைப் பின்தொடர்வதே குற்றம் என்று இந்திய தண்டனைச் சட்டத்தில் 354-டி பிரிவு சேர்க்கப்பட்டது. சினிமாவில் இந்தப் பழக்கம் அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் ஓடியது.

இப்போது இரண்டாம் பாதிக்கு வருவோம். அடிபட்டு மனநிலை பாதிக்கப்பட்ட சேதுவைக் கொண்டுபோய் ஒரு மடத்தில் விடுகிறார்கள். அங்கே மனிதர்கள் சங்கிலியால் கட்டப்பட்டுக் கிடக்கிறார்கள். படம் வந்து இரண்டு ஆண்டுகள்கூட ஆகாத நிலையில், 2001 ஆகஸ்ட்டில் ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகம் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் தப்ப முடியாமல் 28 பேர் கருகி இறந்தார்கள். அதைத் தெரிந்துகொண்டு 'சேது'வின் அந்தக் காட்சிகளைப் பார்த்தால், வெளியான நாளைவிட இன்று கனமாக இருக்கின்றன.

ஒரே படம்தான். ஒரு பாதியைப் பிள்ளைகளுக்கு விளக்கம் சொல்லித்தான் காட்ட முடியும். இன்னொரு பாதியைக் கட்டாயம் காட்ட வேண்டும்.

குடும்பப் படங்கள் என்ன ஆச்சு?

பாசிலின் 'காதலுக்கு மரியாதை' (1997) மலையாளத்தின் 'அனியத்திப்பிராவு' படத்தின் ரீமேக். விஜய், ஷாலினி, இளையராஜா பாடல்கள் என எல்லாம் சேர்ந்து பெரிய வெற்றி. இந்துப் பையனும் கிறிஸ்தவப் பெண்ணும் காதலித்து, வீட்டைவிட்டு வெளியேறி, பிறகு பெற்றோரை அழவைத்து வாழ வேண்டாம் என்று அவரவர் வீட்டுக்கே திரும்பிவிடுகிறார்கள். கடைசியில் பெரியவர்களே மனம் மாறுகிறார்கள்.

அன்றைக்கு இது தியாகமாகத் தெரிந்தது. இன்றைக்கு, இரண்டு மேஜர்களின் கல்யாணத்துக்கு இவ்வளவு பேர் சம்மதம் தேவையா என்ற கேள்வி வருகிறது. பெரியவர்கள் மனம் மாறாத வீடுகளில் என்ன நடக்கிறது என்பதை ஆணவக் கொலைச் செய்திகளில் படித்துக்கொண்டேதான் இருக்கிறோம். அதே சமயம் காதலர்கள் உட்கார்ந்து பேசி முடிவெடுக்கும் விதத்தில் இருக்கும் நிதானம், இன்றைய பல படங்களில் இல்லை.

விக்ரமனின் 'சூர்யவம்சம்' (1997) வேறு ரகம். ஊரே கைகட்டி நிற்கும் பெரிய மனிதர், அவர் பேச்சே சட்டம் என்ற அமைப்பை அது கேள்வியே கேட்காமல் கொண்டாடுகிறது. அந்தப் பகுதிக்கு வயதாகிவிட்டது. ஒரே பாட்டில் பஸ் முதலாளி ஆவதும் மீம்ஸுக்குப் போய்விட்டது, இட்லி உப்புமாவோடு சேர்த்து.

ஆனால் படிக்காத கணவன், மனைவியைப் படிக்க வைத்து கலெக்டர் ஆக்குகிறான். அவள் தன்னைவிட உயரத்துக்குப் போவதில் அவனுக்குத் துளி கூச்சம் இல்லை. இதை 1997-ல் ஒரு மாஸ் குடும்பப் படம் செய்தது. இந்தியில் அமிதாப் நடித்த ரீமேக்கும் டிவியில் ஓயாமல் ஓடுகிறது.

காமெடியில் யாரைப் பார்த்துச் சிரித்தோம்?

நகைச்சுவைக்கு ஒரு எளிய டெஸ்ட் உண்டு. சிரிப்பு யார் மேல் விழுகிறது என்று பாருங்கள்.

கறுப்பாக இருப்பவர், குண்டாக இருப்பவர், திருநங்கைகள், பேச்சுத் திக்குபவர் என ஒருவரின் உடம்பையே ஜோக்காக்கிய காட்சிகள் 90-களில் ஏராளம். அவற்றில் பெரும்பாலானவை இன்று ஊசிப்போன பலகாரம் மாதிரி. வாயில் வைக்க முடியாது.

மனிதர்கள் தாங்களே சொன்ன பொய்யில் மாட்டிக்கொண்டு முழிக்கும் காமெடிக்கு மட்டும் கெடு தேதியே இல்லை. 'படையப்பா'வில் பெண் பார்க்கப் போன இடத்தில் வெடிக்கும் இரவல் சட்டை விவகாரம், 'உள்ளத்தை அள்ளித்தா'வில் (1996) மணிவண்ணனின் டபுள் ஆக்‌ஷன் குழப்பம் எல்லாம் இந்த வகை.

இன்னும் ஒரு படி மேலே இருப்பது கிரேஸி மோகன் வசனம் எழுதிய 'அவ்வை சண்முகி' (1996). ஹாலிவுட்டின் 'மிஸஸ் டவுட்ஃபயர்' கதையைத் தழுவிய படம்தான். ஆனால் நாசரின் பாத்திரம் நம்ம ஊருக்கே உரியது. முஸ்லிமான பாஷா, ஆச்சாரமான ஐயர் வீட்டுச் சமையலறையில் வாய் பேச முடியாத பிராமணச் சமையல்காரராக நடிக்க வேண்டியிருக்கிறது. படம் பாஷாவைப் பார்த்துச் சிரிக்கவில்லை. அப்படி நடித்தால்தான் வேலை கிடைக்கும் என்ற நிலைமையைப் பார்த்துச் சிரிக்கிறது. பேரைக் கேட்டதும் வாடகை வீடு மறுக்கப்படும் ஊரில் அந்த ஜோக் எப்படிப் பழசாகும்?

சாதியைப் பேசிய படங்கள்

1997-ல் தென் மாவட்டங்களில் சாதி மோதல்கள் வெடித்தன. மாவட்டங்களுக்கும் அரசுப் போக்குவரத்துக் கழகங்களுக்கும் வைத்திருந்த தலைவர்களின் பெயர்களையே அரசு நீக்கியது. அதே ஆண்டுதான் சேரன் 'பாரதி கண்ணம்மா'வோடு அறிமுகமானார். பண்ணையார் மகளுக்கும் அவர் வீட்டில் வேலை செய்யும் ஒடுக்கப்பட்ட சமூகத்து இளைஞனுக்கும் இடையிலான காதல். பெருமை பேசும் படங்களுக்கு நடுவே, அந்தப் பெருமை ஒரு பெண்ணின் சிதையில் போய் முடியும் என்று காட்டியது. காதலர்கள் சாவதற்குப் பதில் வாழ்ந்து காட்டியிருக்கலாமே என்று இன்று கேட்கலாம். ஆனால் காலத்துக்கு எதிராகப் பேசுவது அன்றும் முடிந்தது என்பதற்கு அந்தப் படம் சாட்சி.

ஒரு நாள் முதல்வர் இன்று எப்படி?

ஷங்கரின் 'முதல்வன்' (1999) இன்றும் விறுவிறுப்பு குறையாத படம். அர்ஜுன், ரகுவரன் மோதும் அந்த டிவி பேட்டிக் காட்சியை இப்போது பார்த்தாலும் கண்ணை எடுக்க முடியாது. கலவரத்தில் போலீஸின் கையை யார் கட்டிப்போட்டது என்று ஆதாரத்தோடு முதல்வரை நேருக்கு நேர் கேட்கிறான் ஒரு செய்தியாளன். அந்தத் துணிச்சலுக்கு இன்றும் ஏக்கம் இருக்கிறது.

அதன் பிறகு வரும் 'ஸ்பாட் சஸ்பெண்ட்' காட்சிகள்தான் யோசிக்க வைக்கின்றன. விசாரணை இல்லை, விளக்கம் இல்லை, ஒரு மனிதரின் கையெழுத்தே தீர்ப்பு. 'இந்தியன்' (1996) படத்தில் சேனாபதி இன்னும் ஒரு படி போய், லஞ்சம் வாங்குபவர்களைக் கத்தியால் குத்துகிறார். லஞ்சம் கொடுக்க மறுத்ததால் மகளைப் பறிகொடுத்த அப்பாவின் வலி இன்றும் உண்மை. பிரேக் சரியில்லாத பஸ்ஸுக்கு எஃப்.சி. கொடுக்கும் மகனும் உண்மை. கத்திதான் தீர்வு என்பது மட்டும் இன்று இனிக்கவில்லை. 'உடனடி நீதி' என்ற பேரில் நிரபராதி மாட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்று கேட்கப் பழகிவிட்டோம்.

இந்தச் சிக்கல் 'முதல்வன்' படத்துக்கே தெரிந்திருக்கிறது. கடைசியில் ஹீரோ எதிரியைச் சட்டப்படி ஜெயிக்கவில்லை. துப்பாக்கியை அவன் கையில் சிக்க வைத்து, ஒரு நாடகம் போட்டுக் கொல்ல வைக்கிறான். தானும் அரசியல்வாதி ஆகிவிட்டேனே என்ற கசப்போடு படம் முடிகிறது. அந்த ஒரு கசப்புதான் படத்தை இன்னும் இளமையாக வைத்திருக்கிறது.

அப்போ இந்தப் படங்களைப் பார்க்கலாமா, கூடாதா?

தாராளமாகப் பார்க்கலாம். வெட்டி எறியவும் வேண்டாம், "கோல்டன் பீரியட்" என்று கண்ணை மூடிக் கும்பிடவும் வேண்டாம். பார்க்கும்போது மூன்று விஷயங்களைக் கவனித்தால் போதும்.

* இந்தக் காட்சியில் யாருக்கு வலிக்கிறது? அந்த வலியைப் படம் கவனிக்கிறதா, இல்லை பாட்டைப் போட்டுத் தாண்டிப் போகிறதா?
* யாரைப் பார்த்துச் சிரிக்கச் சொல்கிறது? பொய் சொல்லி மாட்டியவரையா, பிறப்பால் அப்படி இருப்பவரையா?
* ஹீரோ செய்வதை வில்லன் செய்திருந்தால் என்ன பேர் வைத்திருப்போம்?

பக்கத்தில் பிள்ளைகள் இருந்தால் ரிமோட்டைத் தேட வேண்டிய அவசியமில்லை. "அப்போ நாங்களும் கை தட்டினோம். இப்போ பார்த்தா அந்தப் பொண்ணு எவ்வளவு பயந்திருக்கான்னு தெரியுது" என்று ஒரு வரி சொன்னால் போதும். அந்தப் பேச்சு, படம் முடிந்த பிறகும் ரொம்ப நேரம் ஓடும்.