வெப்பத்தை இறைக்கும் எந்திரம்

கீசர் வாங்கப் போனால் கடைக்காரர் முதலில் காட்டுவது ஐந்து நட்சத்திர ஸ்டிக்கரைத்தான். குறைந்த கரண்டில் தண்ணீர் காயும் என்றுதான் நாமும் நினைத்துக்கொள்கிறோம். தொட்டி வைத்த மின் கீசர்களுக்குத் தரப்படும் அந்த நட்சத்திரம் சொல்வது வேறு. காய்ந்த வெந்நீரை யாரும் எடுக்காமல் விட்டுவைத்தால், தொட்டியின் சுவர் வழியே ஒரு நாளில் எவ்வளவு வெப்பம் வெளியேறுகிறது என்பதே அதன் கணக்கு. கசிவு குறைவது நல்லதுதான். ஆனால் தண்ணீரைக் காய்ச்சும் செலவு ஒரு நட்சத்திரத்துக்கும் ஐந்து நட்சத்திரத்துக்கும் ஒன்றே.

காரணம் உள்ளே இருக்கும் காயில். அது வாங்கும் மின்சாரம் முழுவதையும் வெப்பமாக்கிவிடுகிறது. அதற்கு மேல் திறனைக் கூட்ட வழியே இல்லை. ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி ஏற்ற 4.2 கிலோஜூல் வேண்டும். ஒரு யூனிட் மின்சாரம் என்பது 3600 கிலோஜூல். 100 லிட்டரை 25 டிகிரி ஏற்ற ஏறக்குறைய 2.9 யூனிட் ஆகும். எந்தக் கம்பெனி கீசரானாலும் இதுதான் கதி.

இந்தச் சுவரைத் தாண்டும் கருவிதான் ஹீட் பம்ப் வாட்டர் ஹீட்டர். இது வெப்பத்தை உண்டாக்குவதில்லை. வெளிக்காற்றில் ஏற்கெனவே இருக்கும் வெப்பத்தை எடுத்துத் தண்ணீரில் சேர்க்கிறது. கிணற்று மோட்டார் தண்ணீரை உண்டாக்குவதில்லை, கீழே கிடப்பதை மேலே ஏற்றுகிறது. அதே வேலைதான் இதுவும். அதனால்தான் ஒரு யூனிட் செலவழித்து மூன்று யூனிட் அளவுக்கு வெப்பம் பெற முடிகிறது.

நம் வீட்டு ஃபிரிட்ஜும் இதே எந்திரம்தான். உள்ளிருந்து எடுத்த வெப்பத்தை அது வெளியே தள்ளிவிடுகிறது. இரண்டிலும் குழாய்க்குள் ஒரு வாயு சுற்றுகிறது. பல கருவிகளில் இருக்கும் ஆர்-134ஏ மைனஸ் 26 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஆகவே நமக்குக் குளிராகத் தெரியும் காற்றுகூட அதைக் கொதிக்கவைக்கப் போதும். கொதித்து ஆவியானதைக் கம்ப்ரஸர் அழுத்த, அதன் சூடு தண்ணீரின் சூட்டைத் தாண்டுகிறது. தொட்டியைச் சுற்றிய குழாயில் அது வெப்பத்தை விட்டு மறுபடி திரவமாகிறது. பிறகு ஒரு குறுகிய வால்வைக் கடந்து அழுத்தம் குறைந்து, குளிர்ந்து, காற்றிடம் திரும்புகிறது. மின்சாரம் செலவாவது பெரும்பாலும் கம்ப்ரஸருக்கும் விசிறிக்கும்தான்.

ஜப்பானில் 2001இல் எக்கோக்யூட் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தவை கார்பன் டைஆக்சைடையே இந்த வாயுவாகப் பயன்படுத்துகின்றன. 90 டிகிரி வரை தண்ணீரைக் காய்ச்சுகின்றன. ஆர்-134ஏ கசிந்தால் கார்பன் டைஆக்சைடைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் புவியைச் சூடாக்கும் என்பதை நினைத்தால், அந்தத் தேர்வின் அருமை புரியும்.

எல்லா வீட்டுக்கும் இது வேண்டுமா? சென்னையில் மார்கழி, தை மாதங்களில் மட்டும் ஆளுக்கு ஒரு வாளி வெந்நீர் போடும் வீட்டுக்கு வேண்டாம் என்றே சொல்வேன். ஒரு வாளிக்கு அரை யூனிட்கூட ஆகாது. கருவியின் விலை திரும்பி வராது. ஊட்டியில் ஐந்து பேர் உள்ள வீடு என்றால் கணக்கே வேறு. 15 டிகிரியில் வரும் தண்ணீரை 40 டிகிரிக்கு ஏற்றி ஆளுக்கு 20 லிட்டர் என்றால், இரண்டு மாத பில்லில் குளியலுக்கு மட்டும் 174 யூனிட். இரண்டரை மடங்கு திறன் கிடைத்தாலே நூறு யூனிட் குறையும். அப்படிக் குறைபவை பில்லின் மேல்படியில் நிற்கும் விலை கூடிய யூனிட்டுகள். விடுதி, லாட்ஜ், மருத்துவமனை போன்ற இடங்களில் சமவெளியிலும் இது லாபம்தான்.

குளிர் ஊரில்தான் தேவை அதிகம். கருவிக்குச் சிரமமும் அங்கேதான். காற்று குளிரக் குளிரத் திறன் குறையும். உறைபனிக் காலத்தில் வெளிக்குழாயில் பனி படியும். ஆகவே டைமர் வைத்து நண்பகல் வெயிலில் ஓட்டி, வெந்நீரைத் தொட்டியில் சேர்த்துவைப்பது நல்லது. கசிவு குறைந்த தொட்டியின் அருமை அப்போதுதான் தெரியும். சூட்டையும் தேவைக்கு மேல் ஏற்ற வேண்டாம். ஏற்ற ஏற்றத் திறன் குறையும். அதற்காக வெதுவெதுப்பாகவே விட்டுவைக்கவும் கூடாது. லெஜியோனெல்லா என்ற நுரையீரல் தொற்றுக் கிருமி அந்தச் சூட்டில்தான் பெருகும். அவ்வப்போது 60 டிகிரிக்கு ஏற்றும் வசதி இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

கருவியைக் குளியலறைக்குள் அடைக்காதீர்கள். மொட்டை மாடியோ பால்கனியோ, காற்று தாராளமாக வரும் இடம் வேண்டும். ஏ.சி.யின் வெளிப்பெட்டி போல உறுமும் என்பதால் படுக்கையறை ஜன்னலுக்குக் கீழே வைக்க வேண்டாம். சொட்டும் தண்ணீருக்கு ஒரு குழாயும் வேண்டும். போர் தண்ணீர் உப்பாக இருந்தால், தொட்டிக்குப் பதிலாகத் தான் அரிக்கப்படும் மெக்னீசியக் கம்பியைச் சர்வீஸ்காரரிடம் கழற்றிக் காட்டச் சொல்லி, தேய்ந்திருந்தால் மாற்றிவிடுங்கள்.