பள்ளியின் வாசலில் தெரு தொடங்குகிறது

கொல்கத்தாவின் தென்மேற்கு ஓரம், ஹூக்ளி நதிக்கரையில் இருக்கிறது கார்டன் ரீச். போர்க்கப்பல் கட்டும் தளமும் தென்கிழக்கு ரயில்வேயின் தலைமையகமும் உள்ள ஊர். அதன் மெட்டியாபுரூஸ் பகுதியில் தையல் இயந்திரச் சத்தம் ஓய்வதில்லை. துணி மூட்டை ஏற்றிய சைக்கிள் வேன் ஒன்று சந்துக்குள் நுழைந்தால், எதிரே வருபவர் சுவரோடு ஒட்டி நின்றுதான் வழிவிட வேண்டும். இப்படிப்பட்ட தெருவில் பள்ளியின் கதவு நேராகச் சாலையில் திறந்தால், மணி அடித்ததும் ஓடிவரும் பிள்ளையின் முதல் காலடி வண்டிச் சக்கரத்துக்கு முன்னால்தான் விழும்.

கடைவீதிப் பள்ளியை எப்படிக் கட்டுவது என்பதற்கு இந்த ஊரிலேயே ஒரு பாடம் இருக்கிறது. ஆங்கிலேயரிடம் அவத் அரசை இழந்து 1856-இல் இங்கு வந்தவர் நவாப் வாஜித் அலி ஷா. அவர் 1864-இல் கட்டிய சிப்தைனாபாத் இமாம்பாராவில் சாலையைப் பார்த்து நுழைவாயில். தாண்டினால் திறந்த முற்றம். அதற்கு அப்பால் மண்டபம். சாலையின் இரைச்சல் முற்றத்திலேயே பாதி அடங்கிவிடும். வகுப்பறைக்கும் வேண்டியது இதுதான்.

இன்னொரு பாடம் நகரின் நடுவே, காலேஜ் ஸ்ட்ரீட்டில். 1817-இல் இந்து கல்லூரியாகத் தொடங்கிய பிரசிடென்சியின் சுற்றுவேலியை ஒட்டிப் பழைய புத்தகக் கடைகள் வரிசையாக நிற்கின்றன. படித்து முடித்த மாணவன் விற்ற நூலை, அடுத்த ஆண்டு மாணவன் பேரம் பேசி வாங்குகிறான். ஒரு கல்லூரியின் வேலி அந்தத் தெருவுக்கே பிழைப்பு தருகிறது. ஆனால் அதே தெருவில், அகன்ற படிகளும் பெருந்தூண்களும் கொண்ட கல்கத்தா பல்கலைக்கழகத்தின் செனட் ஹவுஸை 1960-இல் இடித்தார்கள். அங்கே உயர்ந்து எழுந்த நூற்றாண்டுக் கட்டடத்தில் இடம் கூடியது. தெருவைப் பார்த்த அந்த முகப்பு மட்டும் திரும்பவில்லை.

மூன்றாவது பாடம் நம்முடையது. 2004 ஜூலை 16-ஆம் தேதி, கும்பகோணம் காசிராமன் தெருப் பள்ளியில் சமையலறைத் தீ கீற்றுக் கூரைக்குப் பரவியது. குறுகிய கட்டடம், குறுகிய படிக்கட்டு. 94 குழந்தைகளை இழந்தோம். நெருக்கமான தெருவில் எழும் பள்ளிக்கு இரண்டாவது படிக்கட்டும் வெளிப்பக்கம் திறக்கும் கதவும் உயிர்.

கார்டன் ரீச்சுக்கும் ஆறாத காயம் உண்டு. 2024 மார்ச் 17 நள்ளிரவில், அனுமதியின்றி எழுந்துகொண்டிருந்த ஐந்து மாடிக் கட்டடம் பக்கத்துக் குடிசைகள்மேல் சரிந்து பத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். கையகல மனையில் மாடிமேல் மாடி ஏற்றும் அவசரத்தைப் பள்ளியாவது விட்டொழிக்கட்டும். அக்கம்பக்க வீடுகளின் உயரத்தை மீறாத இரண்டு, மூன்று தளங்கள் போதும். வாசலைப் பத்தடி உள்ளே தள்ளுங்கள். அந்தப் பத்தடியில் நிழலோடு ஒரு திண்ணை போடுங்கள். வங்காளத்து வீட்டு வாசல்களில் அரட்டைக்கென்றே இருக்கும் ‘ரோவாக்’ நம் திண்ணையின் உறவுதானே! மாலையில் பிள்ளைக்காகக் காத்திருக்கும் தாய் உட்காரட்டும். பள்ளி மூடிய பின் தையல்காரர் முதுகை நிமிர்த்தி இளைப்பாறட்டும். பத்தடியை விட்டுக்கொடுக்கும் பள்ளியைத் தெரு தன் பிள்ளையாகவே பார்த்துக்கொள்ளும்.