மருமகள் மேல் பழி போடாதீங்க... தைராய்டைப் பாருங்க!

'நாள் தள்ளிப் போச்சு' என்று வீடே பூரிக்கும். இரண்டாம் மாதமே கரு கலையும். உடனே, 'ராசியில்லாதவ' என்று மருமகள் மேல் பழி! கொஞ்சம் பொறுங்கள். ஒருமுறை கலைவது பெரும்பாலும் குரோமோசோம் கோளாறால்தான். யார் குற்றமும் அல்ல. திரும்பத் திரும்பக் கலைந்தாலோ, ஒரு வருடமாகியும் கரு தங்காவிட்டாலோ ஹார்மோன்களையும் பார்க்க வேண்டும்.

கழுத்திலுள்ள தைராய்டு குறைவாகச் சுரந்தால் டி.எஸ்.ஹெச். ஏறும்; சிலருக்கு புரோலாக்டினும் கூடும். கருமுட்டை வெளிவருவது தடைபடும், மாதவிலக்கு தாறுமாறாகும், தங்கிய கருவும் கலையலாம்.

கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வருகிறவர்கள் வெளியூருக்கு அலைவதற்கு முன், கள்ளக்குறிச்சியில் 2022-ல் திறக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரியில் மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள். தேதிக் குறிப்போடு போங்கள். ஏன்னா, எஃப்.எஸ்.ஹெச்., எல்.ஹெச். பரிசோதனை விலக்கான 2, 3-ம் நாளில். புரோஜெஸ்டிரோன், 28 நாள் சுழற்சி உள்ளவர்களுக்கு 21-ம் நாளில். டி.எஸ்.ஹெச்.சுக்கு நாள் கணக்கில்லை. கணவருக்கும் விந்துப் பரிசோதனை கட்டாயம்!

தைராய்டு குறைவென்றால் தினம் வெறும் வயிற்றில் தைராக்ஸின் மாத்திரை. கரு தங்கியதும் 'இனி எதுக்கு?' என்று நிறுத்திடாதீங்க. அப்போதுதான் அளவைக் கூட்டவேண்டி வரும். உடனே டாக்டரிடம் போங்கள்.