பிடித்த பிறகு தொடங்கும் கலை

பக்கத்தில் இருப்பவரிடம் உங்கள் மணிக்கட்டை இறுக்கிப் பிடிக்கச் சொல்லுங்கள். அவர் உங்களைவிடப் பலசாலியாக இருந்தால் இன்னும் நல்லது. கையை வெடுக்கென்று பின்னால் இழுத்தால் அவருடைய நான்கு விரல்களோடும் மல்லுக்கட்ட வேண்டும், பெரும்பாலும் தோற்றுப்போவீர்கள். இப்போது அவருடைய கட்டைவிரல் நுனி மற்ற விரல்களைத் தொடும் இடத்தைப் பாருங்கள். அந்தப் பிடியில் இளைத்த இடம் அது ஒன்றுதான். உங்கள் முன்கையின் எலும்பு விளிம்பு அந்த இடத்துக்கு நேராக வரும்படி கையைத் திருப்பி, ஓர் எட்டு முன்னால் வைத்து, முழங்கையை அவர் பக்கமாக மடக்குங்கள். இனி எதிர்க்க வேண்டியது ஒரு கட்டைவிரலை மட்டுமே. கை விடுபட்டுவிடும்.

ஜியு-ஜிட்சு என்ற ஜப்பானியக் கலையின் அரிச்சுவடி இது. மற்ற பல தற்காப்புக் கலைகள் எதிராளி எட்ட நிற்கும்போதே வேலையைத் தொடங்கிவிடுகின்றன. சிலம்பக் கம்பு ஆளை அண்டவிடாமல் விரட்டுகிறது. கராத்தேயின் குத்துக்கும் உதைக்கும் கை கால் வீச இடம் வேண்டும். அந்த இடைவெளி போய்விட்ட பிறகு, அதாவது கையை, முடியை, கழுத்தை ஒருவன் பிடித்துவிட்ட பிறகு, சுவரோடு சேர்த்து அழுத்திவிட்ட பிறகு, கீழே தள்ளி மேலே ஏறி உட்கார்ந்துவிட்ட பிறகு என்ன செய்வது என்பதுதான் ஜியு-ஜிட்சு எடுத்துக்கொண்ட கேள்வி. பெண்கள் மீதும் சிறுவர்கள் மீதும் கை வைக்கிறவன் குத்துச்சண்டை வீரனைப்போல எதிரே நின்று சவால் விடுவதில்லை. பிடிக்கிறான், இழுக்கிறான், அமுக்குகிறான். இந்தக் கலையைப் பதக்கத்துக்கான விளையாட்டாக மட்டும் பார்க்காமல் தற்காப்பாகப் பார்க்க வேண்டும் என்று சொல்வதற்கு முதல் காரணம் இதுதான்.

இதன் இயக்கத்தைப் புரிந்துகொள்ளப் புதுக்கோட்டை மாவட்டத்துக்காரர்களுக்கு அதிகப் பாடம் தேவையில்லை. கல்குவாரியில் கடப்பாரையைப் பாறைக்கு அடியில் செருகி, சின்னக் கல் ஒன்றை முட்டுக் கொடுத்து நெம்புகிறவரைப் பார்த்திருப்பார்கள். பாறையைத் தூக்க முடியாத உடம்பு அதே பாறையைப் புரட்டிவிடுகிறது. ஜியு-ஜிட்சுவின் கைப்பூட்டும் அப்படிப்பட்டதுதான். எதிராளியின் ஒரு கையை இரண்டு தொடைகளுக்கும் நடுவே சிக்கவைத்து, மணிக்கட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இடுப்பை உயர்த்தினால், அவருடைய முன்கை கடப்பாரையாகிறது, உங்கள் இடுப்பு முட்டுக்கல்லாகிறது. ஒரு முழங்கை மூட்டுக்கு எதிராக முதுகு, இடுப்பு, இரண்டு கால்கள் என்று உடம்பின் பெரிய தசைகள் அத்தனையும் வேலை செய்கின்றன. ஐம்பது கிலோ ஆள் எண்பது கிலோ ஆளின் முழு உடம்போடு மோத வேண்டியதில்லை, அவருடைய ஒரு மூட்டோடு மோதினால் போதும்.

தரையில் விழுந்த பிறகும் இதே கணக்குத்தான். மேலே ஏறி உட்கார்ந்தவனைக் கையால் தள்ளுவது வீண். அவன் கைப்பூட்டுப் போட வசதியாக நம் கைகளை நீட்டிக் கொடுத்ததுதான் மிச்சம். ஜியு-ஜிட்சு சொல்லித்தருவது வேறு. அவனுடைய ஒரு கையைப் பிடித்து நெஞ்சோடு சேர்த்துக்கொள். அதே பக்கத்துக் காலையும் உன் காலால் மறித்துவிடு. அந்தப் பக்கம் ஊன்றிக்கொள்ள அவனுக்குக் கையும் இல்லை, காலும் இல்லை. இப்போது பாதங்களை ஊன்றி இடுப்பை வில்லாக வளைத்து, அதே பக்கத்துத் தோளுக்கு மேலாகப் புரட்டு. எடை அதிகமுள்ளவனும் சாய்வான். இது சரிவராவிட்டால் பக்கவாட்டில் சுருண்டு, முழங்கையையும் முழங்காலையும் இடுக்கில் நுழைத்து, இடம் உண்டாக்கிக்கொண்டு நழுவும் முறை இருக்கிறது. முதல் மாதத்தில் தினமும் செய்துபார்க்கும் அளவுக்கு அடிப்படையானவை இந்த இரண்டும். கண்ணைக் கவரும் அழகு இவற்றில் கிடையாது. உயிரைக் காப்பவை என்னவோ இவைதான்.

இக்கலையின் வேர் ஜப்பானியச் சாமுராய்களிடம் இருக்கிறது. வாள் கைநழுவிப்போன நேரத்தில் கவசம் அணிந்த எதிரியைச் சமாளிக்க எழுந்த முறைகள் இவை. 1882இல் ஜிகோரோ கானோ என்ற இளைஞர் தோக்கியோவில் கோடோகன் பள்ளியைத் தொடங்கி, பழைய முறைகளைத் தொகுத்து ஜூடோவாக்கினார். பள்ளி நாள்களில் முரட்டுப் பையன்களிடம் அடிவாங்கிய ஒல்லி உடம்புக்காரர் அவர். அவருடைய பள்ளியிலிருந்து வந்த மித்சுயோ மாயேதா 1914இல் பிரேசில் போய்ச் சேர்ந்தார்; அங்கே கார்லோஸ் கிரேசி அவரிடம் கற்றார். கார்லோஸின் தம்பி ஹீலியோ மெலிந்தவர். பலத்தை நம்பாமல் தரைப்பிடிகளையும் நெம்புகோல் விசையையும் அந்தக் குடும்பம் வளர்த்தெடுத்தது. 1993 நவம்பரில் அமெரிக்காவின் டென்வர் நகரில் பல சண்டைக் கலைகளின் வீரர்கள் மோதிய முதல் யு.எஃப்.சி. போட்டியில், தன்னைவிடப் பருமனானவர்களையும் தரையில் மடக்கி ஹீலியோவின் மகன் ராய்ஸ் வென்றபோதுதான் உலகம் திரும்பிப் பார்த்தது.

ஆனால் அதற்கு எண்பது ஆண்டுகளுக்கு முன்பே பெண்கள் இதன் பயனைக் கண்டுகொண்டார்கள். லண்டனில் வாக்குரிமை கேட்டுப் போராடிய பெண்களுக்கு ஜியு-ஜிட்சு சொல்லித்தந்தவர் எடித் கேரட். ஐந்தடிக்கும் குறைவான உயரம். தலைவி எமிலின் பாங்கர்ஸ்டைப் போலீசார் மீண்டும் மீண்டும் கைதுசெய்தபோது அவரைச் சுற்றிக் காவல் நின்ற பெண்கள் படைக்கு 1913 வாக்கில் பயிற்சி அளித்தவரும் அவரே. கோப்பைக்காக அவர்கள் பழகவில்லை. தெருவில் பிடித்து இழுக்கும் கையிலிருந்து விடுபடப் பழகினார்கள்.

இந்தியாவிலும் இந்த வரலாறு தற்காப்பில்தான் தொடங்குகிறது. சாந்திநிகேதனுக்கு 1905லேயே ஜப்பானிலிருந்து ஜூடோ ஆசிரியர் ஒருவரை வரவழைத்தார் ரவீந்திரநாத் தாகூர். பின்னர் 1929இல் கோடோகனில் தேறிய ஷின்சோ தகாகாகி வந்தார். மாணவர்களோடு மாணவிகளும் பாயில் இறங்கிப் பழக வேண்டும் என்பது தாகூரின் ஆசை. 1931இல் கல்கத்தா மேடையில் அந்த மாணவர்களும் மாணவிகளும் வித்தையைச் செய்துகாட்டினார்கள். பின்னாளில் நோபல் பரிசு பெற்ற அமர்த்தியா சென்னின் தாயார் அமிதா சென், சாந்திநிகேதனில் படித்த காலத்தில் ஜூடோ பயின்றவர். வங்கத்துப் பெண் ஒருவர் ஆண் ஆசிரியரிடம் பிடியும் வீச்சும் கற்பது அன்றைக்குச் சாதாரணக் காரியமாக இருந்திருக்க முடியாது. இந்தப் பணிக்குத் தாகூர் எதிர்பார்த்த ஆதரவு வெளியிலிருந்து கிடைக்கவில்லை. தகாகாகியும் சில ஆண்டுகளில் கிளம்பிப் போனார். முயற்சி அத்தோடு நின்றது. நம் பள்ளிகள் இன்று வரை முழுமையாகத் திரும்ப எடுக்காத இழை அது.

இன்றைய நிலவரம் வேறு. ஜியு-ஜிட்சு 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியில் இடம்பிடித்துவிட்டது. பெருநகரங்களில் பயிற்சிக்கூடங்கள் பெருகியிருக்கின்றன. பிரேசில் வழிப் போட்டியில் எதிராளியை வீழ்த்தினால் 2 புள்ளி, அவருடைய கால் தடுப்பைக் கடந்தால் 3, மேலேறி உட்கார்ந்தாலோ முதுகைப் பிடித்தாலோ 4. குத்தும் உதையும் கிடையாது. எடைப் பிரிவு உண்டு, நடுவர் உண்டு, மெத்தை உண்டு. இந்த விதிகளுக்குள் வெல்வதற்கென்றே நுட்பங்கள் வளர்ந்தன. தானாகவே தரையில் உட்கார்ந்து எதிராளியை மேலே இழுத்துக்கொள்வது போட்டியில் கெட்டிக்காரத்தனம். அதையே புதுக்கோட்டைப் பேருந்து நிலையத்தின் சிமெண்ட் தரையில் செய்தால் தலை உடையும். பிடித்தவனின் கூட்டாளி ஒருவன் பக்கத்தில் நின்றால் விலாவில் உதை விழும். கத்தி இருந்தால் சொல்லவே வேண்டாம். மேடையில் மேலே உட்கார்ந்திருப்பவருக்குப் புள்ளி கிடைக்கிறது. தெருவில் மேலே வந்துவிட்டால் அடுத்த வேலை எழுந்து ஓடுவது.

எழுந்திருப்பதற்கே தனிப் பாடம் இருக்கிறது. ஒரு கையைப் பின்னால் ஊன்றி, எதிர்ப்பக்கத்துக் காலைத் தரையில் பதித்து, மறு கையை முகத்துக்கு முன்னால் வைத்துக்கொண்டு இடுப்பைத் தூக்கி, இன்னொரு காலை உடம்புக்கு அடியில் பின்னால் இழுத்து நிற்க வேண்டும். எதிராளியை விட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது. தற்காப்பு நோக்கில் பார்த்தால் கலையிலேயே முக்கியமான அசைவு இதுதான். போட்டிக்கு மட்டும் தயார்செய்யும் கூடங்களில் இதற்கு உரிய நேரம் ஒதுக்கப்படாவிட்டால் அது பெரிய இழப்பு.

அதற்காகப் போட்டியை ஒரேயடியாக ஒதுக்கவும் முடியாது. ஜியு-ஜிட்சுவின் உண்மையான பலம், பயிற்சியில் எதிராளி முழு பலத்தோடு முரண்டு பிடிக்கிறார் என்பது. பூட்டு இறுகியதும் 'போதும்' என்று தட்டினால் விட்டுவிட வேண்டும் என்ற ஒரே கட்டுப்பாட்டுக்குள் பெரும்பாலும் காயமின்றி நிஜமாகவே மல்லுக்கட்டிப் பார்க்க முடிகிறது. 'நான் இப்படிப் பிடிக்கிறேன், நீ இப்படித் திருப்பு' என்று இரண்டு பேர் ஒத்துழைத்துச் செய்துகாட்டும் தற்காப்பு, மேடையில் கைதட்டு வாங்கும். நிஜமாகப் பிடிக்கும்போது உதவாது. முரண்டு பிடிக்கும் உடம்பு எப்படி இருக்கும் என்பதை ஏற்கெனவே அறிந்த பெண், உறைந்துபோகும் அந்த முதல் விநாடிகளைச் சீக்கிரம் கடந்துவிடுவாள். எனவே விளையாட்டிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த முரண்டு. விட்டுவிட வேண்டியது புள்ளிக் கணக்கு.

அரசுப் பள்ளி மாணவிகளுக்கு ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின்கீழ் மூன்று மாதத் தற்காப்புப் பயிற்சி உண்டு. கராத்தே, சிலம்பம் போன்றவை சொல்லித்தரப்படுகின்றன. நல்ல ஏற்பாடு. அதில் பத்தே பத்துப் பிடிவிடுப்புகள் சேர்ந்தால், மணிக்கட்டு, முடி, பின்னாலிருந்து கட்டிப்பிடித்தல், கழுத்து, தரையில் அமுக்குதல் என்று நிஜத்தில் நடப்பவற்றுக்கு விடை கிடைத்துவிடும். நமக்கு இது அந்நியமும் அல்ல. குத்துவரிசைக்காரர்கள் பிடி, பூட்டு என்று சொல்பவற்றின் பெரும்பகுதி இதற்கு நெருங்கிய உறவு.

உடம்பால் கற்கும் ஒரு திறனை ஊர் ஊராகப் பரப்ப முடியுமா என்று கேட்பவர்களுக்குப் புதுக்கோட்டை மாவட்டமே பதில் சொல்லியிருக்கிறது. 1991இல் தொடங்கிய அறிவொளி எழுத்தறிவு இயக்கம், ஆட்சியர் ஷீலாராணி சுங்கத் காலத்தில் எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்துக்கொண்டது. விவசாயக் கூலிகளும் குவாரித் தொழிலாளிகளும் பள்ளி மாணவிகளும் வாடகைச் சைக்கிளில் விழுந்து எழுந்து பழகினார்கள். இங்கே பொதுப் போட்டிகளிலும் கண்காட்சிகளிலும் 70,000க்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிள் ஓட்டிக்காட்டியதாகப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் பதிவுசெய்திருக்கிறார். கற்றுக்கொண்டவள் அடுத்தவளுக்குச் சொல்லித்தந்தாள். வீட்டு ஆணை எதிர்பார்க்காமல் தண்ணீருக்கும் வேலைக்கும் சந்தைக்கும் தனியாகப் போய்வர வழி பிறந்தது. தனியாகப் போகும் பாதையில் பாதுகாப்பு என்ற அடுத்த பாடத்தையும் அதே முறையில், பெண்ணுக்குப் பெண் சொல்லித்தர முடியும். மணிக்கட்டு விடுப்பைப் பழகக் கறுப்புப் பட்டை தேவையில்லை. மேற்பார்வைக்கு நல்ல ஆசிரியை ஒருவரும் முரண்டு பிடிக்கத் தோழி ஒருத்தியும் போதும்.

இதெல்லாம் பலன் தருமா? கனடாவில் மூன்று பல்கலைக்கழகங்களின் 893 முதலாண்டு மாணவிகளிடம் நடந்த ஆய்வு 2015இல் வெளியானது. 12 மணி நேரப் பயிற்சி பெற்றவர்களில் அடுத்த ஓராண்டில் வன்புணர்வுக்கு ஆளானவர்கள் 5.2 சதவீதம், பயிற்சி பெறாதவர்களில் 9.8 சதவீதம். கவனிக்க வேண்டியது, அந்தப் பயிற்சியில் கை கால் வேலை ஒரு பகுதிதான். தெரிந்தவனிடமிருந்து வரும் ஆபத்தின் அறிகுறிகளை நேரத்தோடு அடையாளம் காண்பது, 'அவர் மனசு புண்படுமே' என்ற தயக்கத்தை உடைப்பது, சத்தம் போடுவது எல்லாம் அதில் அடக்கம். தாக்கியவனே குற்றவாளி; பயிற்சி எடுக்காதவள்மீது ஒருபோதும் பழி இல்லை. இதையும் வகுப்பில் உரக்கச் சொல்லித்தர வேண்டும்.

சட்டமும் துணை நிற்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் தற்காப்பு உரிமையைப் பற்றியவை. தன் உடலையும் அடுத்தவர் உடலையும் காக்க அந்த உரிமை உண்டு. ஆனால் காப்பதற்குத் தேவையானதைவிட அதிகத் தீங்கு செய்யக் கூடாது. ஆபத்து நீங்கியதும் உரிமையும் முடிந்துவிடும். இந்த இடத்தில் ஜியு-ஜிட்சுவுக்கு மற்றவற்றைவிட ஒரு வசதி அதிகம். விசையைக் கூட்டவும் குறைக்கவும் முடியும். கல்யாண வீட்டில் குடித்துவிட்டுக் கை ஓங்கும் மச்சானின் மூக்கை உடைக்காமல், கையைப் பின்னால் மடக்கி, நாலு பேர் வரும்வரை அமுக்கி வைத்திருக்கலாம். கொலைவெறியோடு வருகிறவனிடம் அதே பூட்டை முழுதாக இறுக்கலாம். விடுபட்ட பிறகு 112க்கோ, பெண்கள் உதவி எண் 181க்கோ அழைப்பதும் பயிற்சியின் ஒரு பாகமாக இருக்க வேண்டும்.

பிள்ளையை வகுப்பில் சேர்க்க நினைக்கும் பெற்றோர் முதலில் ஒருநாள் ஓரமாக உட்கார்ந்து பார்ப்பது நல்லது. பிள்ளைகள் நிஜமாக முரண்டு பிடிக்கிறார்களா, விழுந்தால் எழுந்து விலகச் சொல்லித்தருகிறார்களா, சிறுமிகளுக்குப் பெண் துணை இருக்கிறாரா என்று கவனிக்கலாம். கழுத்துப் பிடிகளில் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். மூளைக்கு ரத்தம் போகும் நாளங்கள் அழுந்தினால் பத்து விநாடிக்குள்ளாகவே நினைவு தப்பிவிடலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு குழந்தை தட்டினால் எதிராளி அந்தக் கணமே விடுகிறாரா, ஆசிரியர் அதைக் கண்டிப்போடு பார்த்துக்கொள்கிறாரா என்று பார்க்க வேண்டும். தட்டியும் விடாத வகுப்பு என்றால் அன்றே பிள்ளையை அழைத்துக்கொண்டு வந்துவிடலாம்.