நாமக்கல் முட்டை ஏற்றுமதியும் வளைகுடா ஒத்துழைப்பு அவையும்

நாமக்கல் முட்டை ஏற்றுமதி என்பது தமிழ்நாட்டின் நாமக்கல் மாவட்டத்திலும் அதனை அடுத்த சேலம் சமவெளியிலும் உள்ள கோழிப்பண்ணைகளிலிருந்து வெளிநாடுகளுக்கு முட்டை அனுப்பப்படும் வணிகம் ஆகும். வளைகுடா ஒத்துழைப்பு அவையின் உறுப்பு நாடுகள் இதன் முதன்மையான சந்தைகளாக நெடுங்காலம் இருந்து வந்துள்ளன. ஒரு வட்டாரக் கூட்டமைப்புக்கும் வளரும் நாடு ஒன்றுக்கும் இடையிலான வணிகம் பொதுவாகச் சுங்கத் தீர்வையைக் கொண்டே விளக்கப்படுகிறது. முட்டை வணிகத்திலோ தீர்வையைவிட நோயற்ற நிலைக்கான சான்றிதழே பெரிய தடையாக இருந்துள்ளது.

கூட்டமைப்பும் ஒப்பந்தங்களும்

சவூதி அரேபியா, ஐக்கிய அரபு அமீரகம், குவைத், கத்தார், பகுரைன், ஓமன் ஆகிய ஆறு நாடுகள் 1981 மே 25 அன்று அபுதாபியில் இவ்வவையை நிறுவின. தலைமையகம் ரியாத்தில் உள்ளது. 2003 சனவரி 1 முதல் இந்நாடுகள் ஒரே சுங்க ஒன்றியமாகச் செயற்படத் தொடங்கின. வெளியிலிருந்து வரும் பெரும்பாலான பொருட்களுக்கு 5 விழுக்காடு என்ற பொதுத் தீர்வை விதிக்கப்பட்டது.

2004 ஆகத்து மாதத்தில் இந்தியாவும் அவையும் பொருளாதார ஒத்துழைப்புக்கான சட்டக ஒப்பந்தத்தில் புதுதில்லியில் கையெழுத்திட்டன. தடையில்லா வணிக ஒப்பந்தம் குறித்து 2006, 2008 ஆகிய ஆண்டுகளில் இரு சுற்றுப் பேச்சுகள் நடந்தன. அதன்பின் எல்லா நாடுகளுடனுமான இத்தகைய பேச்சுகளையும் அவை தள்ளிவைத்தது. சுங்க ஒன்றியத்தின் உறுப்பினர்கள் ஒன்றாகவே பேரம் பேச வேண்டும் என்பது பொதுவான எதிர்பார்ப்பு. எனினும் இந்தியா அமீரகத்துடன் 2022 பெப்ரவரியிலும் ஓமனுடன் 2025 திசம்பரிலும் தனித்தனி ஒப்பந்தங்களைச் செய்துகொண்டது.

2024-25 நிதியாண்டில் இந்தியாவுக்கும் அவை நாடுகளுக்கும் இடையிலான சரக்கு வணிகம் ஏறத்தாழ 178 பில்லியன் அமெரிக்க டாலர். இதில் பெரும்பகுதி எண்ணெயும் எரிவாயுவும் ஆகும். இக்கணக்கில் முட்டையின் பங்கு மிகச் சிறியது. நாமக்கல்லின் கணக்கில் அது சிறியதன்று.

முட்டை செல்லும் வழி

ஏற்றுமதிக்குரிய முட்டைகள் தரம் பிரிக்கப்பட்டு, 30 முட்டை கொள்ளும் அட்டைகளில் அடுக்கப்படுகின்றன. அத்தகைய 12 அட்டைகள் கொண்டது ஒரு பெட்டி; அதாவது 360 முட்டைகள். நாற்பது அடிக் குளிரூட்டப்பட்ட கொள்கலன் ஒன்றில் சுமார் 4.72 இலட்சம் முட்டைகள் செல்லும். கொள்கலன்கள் தூத்துக்குடி, கொச்சி போன்ற துறைமுகங்களிலிருந்து கப்பலேறுகின்றன. கால்நடை மருத்துவ அலுவலரின் நலச் சான்றிதழும் வாங்கும் நாட்டின் இறக்குமதி அனுமதியும் இல்லாமல் சரக்கு நகர முடியாது. அனுமதி அளிப்பது ரியாத்தில் உள்ள அவை அன்று. ஒவ்வொரு உறுப்பு நாட்டின் அரசுத் துறையே அதனை முடிவு செய்கிறது. தீர்வை ஆறு நாடுகளுக்கும் பொது. அனுமதியோ ஆறு வெவ்வேறு கதவுகள்.

பறவைக் காய்ச்சல் தடைகள்

2006 பெப்ரவரியில் மகாராட்டிரத்தின் நந்துர்பார் மாவட்டம் நவாப்பூரில் பறவைக் காய்ச்சல் கண்டறியப்பட்டது. இந்தியாவில் உறுதி செய்யப்பட்ட முதல் நிகழ்வு இதுவே. நவாப்பூர் நாமக்கல்லிலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளது. ஆயினும் பல நாடுகள் விதித்த தடை இந்தியா முழுமைக்கும் பொருந்தியதால் நாமக்கல் முட்டையும் நின்றுபோனது. 2021 சனவரியில் கேரளத்தின் ஆலப்புழை, கோட்டயம் மாவட்டங்களில் நோய் தோன்றியபோது ஓமனுக்கான ஏற்றுமதி தடைப்பட்டது.

கப்பல் நின்றாலும் கோழி முட்டையிடுவதை நிறுத்துவதில்லை. ஏற்றுமதிக்கென ஒதுக்கிய முட்டை உள்நாட்டுச் சந்தைக்குத் திரும்புகிறது. 1982-இல் தொடங்கப்பட்ட தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு அறிவிக்கும் நாமக்கல் மண்டல விலை அப்போது சரிகிறது. தீவனச் செலவு அவ்வாறு குறைவதில்லை. இழப்பின் பெரும்பகுதி பண்ணையாளரையே சேர்கிறது.

நாடா, வட்டாரமா

உலக வணிக அமைப்பின் நலவாழ்வு மற்றும் தாவர நலன் ஒப்பந்தம், நோயற்ற பகுதிகளை இறக்குமதி நாடு ஏற்க வேண்டும் எனக் கூறுகிறது. நாடு முழுவதையும் ஒரே அலகாகக் கொண்டு தடை விதிப்பது இக்கொள்கைக்கு மாறானது. நாமக்கல் ஏற்றுமதியாளரின் கோரிக்கையும் இதுவே.

ஆனால் இதே கொள்கையின்படி இந்தியாவே ஒரு வழக்கில் தோற்றது என்பது பலர் அறியாத செய்தி. பறவைக் காய்ச்சலைக் காரணம் காட்டி இந்தியா விதித்த இறக்குமதித் தடையை எதிர்த்து 2012-இல் அமெரிக்கா உலக வணிக அமைப்பில் முறையிட்டது. 2014-இல் விசாரணைக் குழுவும் 2015 சூனில் மேல்முறையீட்டு அமைப்பும் இந்தியாவுக்கு எதிராகத் தீர்ப்பளித்தன. நோயற்ற பகுதிகளை இந்திய விதிகள் ஏற்கவில்லை என்பது அதற்கான காரணங்களுள் ஒன்று. வளைகுடாவிடம் நாமக்கல் கேட்ட சலுகையை இந்தியா பிறருக்கு மறுத்திருந்தது.

பின்னர் இந்தியா தனிப்பகுதி முறையைக் கையில் எடுத்தது. இம்முறையில் கடுமையான நோய்த்தடுப்பு ஒழுங்குகளைப் பின்பற்றும் பண்ணைகள், சுற்றுப்புற நோய் நிலையிலிருந்து பிரித்து மதிப்பிடப்படுகின்றன. 2023-இல் தமிழ்நாடு உள்ளிட்ட நான்கு மாநிலங்களைச் சேர்ந்த 26 கோழிவளர்ப்புத் தனிப்பகுதிகள் நோயற்றவை என இந்தியா செய்த அறிவிப்பை உலக விலங்கு நல அமைப்பு ஏற்றது. எனினும் இந்த ஏற்பு எந்த நாட்டையும் இறக்குமதி செய்யும்படி கட்டாயப்படுத்தாது.

2024 நெருக்கடி

2024-இல் எழுந்த சிக்கல்களுக்கு நோய் மட்டுமே காரணமன்று. ஓமன் புதிய இறக்குமதி அனுமதிகளை நிறுத்தியதால் நாமக்கல் முட்டைக் கொள்கலன்கள் சோகார் துறைமுகத்தில் தேங்கின. அவ்வாண்டு திசம்பரில் இச்சிக்கல் இந்திய நாடாளுமன்றத்தில் எழுப்பப்பட்டது. கத்தாரோ 60 கிராமுக்குக் குறையாத முட்டையையே ஏற்பதாக எடை வரம்பு விதித்தது. இளங்கோழியின் முட்டை சிறியது; கோழியின் வயது ஏற ஏற முட்டையின் எடை கூடும். ஆகவே இவ்வரம்பு ஒரு பண்ணையின் உற்பத்தியில் பெரும்பகுதியைத் தகுதியற்றதாக்கிவிடும்.

இடைப்பட்ட காலத்தில் பிற சந்தைகளும் திறந்தன. முட்டைத் தட்டுப்பாடு ஏற்பட்ட மலேசியா 2022 இறுதியிலிருந்தும், பொருளாதார நெருக்கடியில் இருந்த இலங்கை 2023-இலும் இந்திய முட்டையை வாங்கின.