கரும்புக் காட்டில் சிக்கிய டேங்க்: ஏ4 பேப்பர் அளவில் ஒரு போர்க்களம்

உங்க மேசையில் ஒரு ஏ4 பேப்பரை விரிச்சு வையுங்க. 1/35 அளவில் அது ஏழு மீட்டர் அகலமும் பத்து மீட்டர் நீளமும் உள்ள நிலம். ஒரு நிஜ டேங்க் நிற்கவும், பக்கத்தில் ரெண்டு பேர் நடக்கவும் அது போதும். ராணுவ டயோரமா என்பது இவ்வளவுதான்: ஒரு துண்டு நிலம், அதில் ஒரு கணம். டேங்க் கிட்டை மட்டும் ஒட்டி ஷெல்ஃபில் வைத்தால் அது நல்ல பொம்மை. கீழே மண்ணும் பக்கத்தில் ஆளும் வந்த உடனே பார்க்கிறவர் "இங்க என்ன ஆச்சு?" என்று கேட்பார். அதுக்கு உங்களிடம் பதில் இருக்கணும். பதில் தயாரான பிறகு பசையைத் திறங்க.

அது என்ன 1/35? மெட்ரிக்கும் இல்ல, அங்குலக் கணக்கும் இல்ல. ஜப்பானின் தமியா கம்பெனி 1960களின் தொடக்கத்தில் மோட்டார் வைத்த பாந்தர் டேங்க் கிட் ஒன்றைக் கொண்டுவந்தது. உள்ளே பேட்டரி பொருந்தணும் என்பதற்காக உடலின் அளவை முடிவு செய்தார்கள். பிறகு கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட 1/35 வந்தது. இன்றைக்கு உலகம் முழுக்க டேங்க் மாடல்களுக்கு அதுதான் ஸ்டாண்டர்ட்.

சரி, எந்தக் கணம்? ஜெர்மன் டைகர், ரஷ்ய டி-34 என்று ஆயிரம் பேர் செய்திருக்காங்க. நான் சொல்வது அசல் உத்தர். 1965 செப்டம்பர் 8 முதல் 10 வரை, பஞ்சாபில் கேம்கரன் பக்கம் நடந்த டேங்க் சண்டை. பாகிஸ்தானின் ஒன்றாவது கவசப் படைப்பிரிவு எம்-47, எம்-48 பேட்டன் டேங்குகளோடு வந்தது. இந்தியப் பக்கம் நான்காவது மலைப்படைப் பிரிவும், பிரிகேடியர் தியோகராஜ் தலைமையிலான இரண்டாவது தனிக் கவச பிரிகேடும். நம்மிடம் இருந்த செஞ்சுரியன் தவிர மற்றவை, ஷெர்மனும் ஏஎம்எக்ஸ்-13உம், பேட்டனுக்கு நேர் நின்று மோதக்கூடியவை அல்ல. அதனால் குதிரை லாட வடிவத்தில் காத்திருந்தாங்க. கால்வாய் நீரை வயலில் திறந்துவிட்டாங்க. ஆளுயரம் தாண்டி நின்ற கரும்புக்குள் நுழைந்த பேட்டன்கள் சேற்றில் இறங்கி நின்னுபோச்சு. பிடிபட்ட டேங்குகளை வரிசையாக நிறுத்திய இடத்துக்கு பேட்டன் நகர் என்றே பேர் வந்தது. ஜீப்பில் பொருத்திய 106 மி.மீ. பீரங்கியால் பேட்டன்களை அடித்து, அங்கேயே உயிர்விட்ட அப்துல் ஹமீதுக்கு பரம்வீர் சக்ரா கிடைத்ததும் இந்தச் சண்டையில்தான்.

உடனே உங்க மனசில் ஒரு படம் வந்திருக்கும்: ஒரு மூலையில் ஹமீதின் ஜீப், எதிர் மூலையில் எரியும் பேட்டன். இங்கதான் ஸ்கேல் நம்மைத் தடுக்கும். ஜீப்புக்கும் டேங்குக்கும் நடுவே 200 மீட்டர் என்று வையுங்க. 35ஆல் வகுத்தால் 5.7 மீட்டர். உங்க கிளாஸ் ரூமின் ஒரு சுவரிலிருந்து மறு சுவர் வரை! ரெண்டையும் ஒரே பலகையில் வைத்தால் பீரங்கிச் சண்டை கைகலப்பு மாதிரி ஆகிடும். ரெண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். நான் டேங்கைத்தான் எடுப்பேன், அதுவும் சண்டை ஓய்ந்த மறுநாள் காலையில். அடித்தவன் பலகைக்கு வெளியே எங்கோ இருக்கிறான். பேட்டனின் டரட் அந்தப் பக்கம் திரும்பி நின்றால் போதும், பார்க்கிறவர் தலையும் தானாகத் திரும்பும்.

கிட் வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. தமியாவின் பேட்டன் எம்-48ஏ3, அது வியட்நாம் காலத்து டீசல் வண்டி. அசல் உத்தருக்கு வந்தவை அதற்கு முந்தையவை. இத்தலேரியின் எம்-47 இந்தக் கதைக்குப் பொருந்தும். அகலம் 10 செ.மீ., உடல் நீளம் 18 செ.மீ., குழலோடு 24 செ.மீ. பலகையின் ஓரத்துக்கு இணையாக நிறுத்தாதீங்க, பார்க்கிங் லாட் மாதிரி தெரியும். கொஞ்சம் சாய்த்து வையுங்க.

அடுத்தது எடை. நீளம் 35 மடங்கு குறைந்தால் கன அளவு 42,875 மடங்கு குறையும். சுமார் 45 டன் டேங்க், இந்த அளவில் ஒரு கிலோ சொச்சம் வரணும். உங்க பிளாஸ்டிக் பேட்டன் அதில் பாதிகூட வராது. சேற்றின் மேல் தக்கை மாதிரி உட்காரும். மாடல் நல்லா இருந்தும் டயோரமா பொய்யாகத் தெரிவதற்கு முக்கால்வாசி காரணம் இதுதான். எடையை நாமதான் காட்டணும். தெர்மகோலில் டிராக் போகும் தடத்தை முன்கூட்டியே வெட்டி, கீழ்ச் சக்கரங்கள் பாதி மறையும் வரை டேங்கை இறக்குங்க. முன்னால் சேறு குவிந்திருக்கணும், பின்னால் ரெண்டு பள்ளமான தடம். மேல் பக்கம் டிராக் சக்கரங்களுக்கு நடுவே லேசாகத் தொங்கணும்.

மண்ணுக்குக் கடைச் சாமான் வேண்டாம். தெர்மகோல் மேல் ஃபெவிகால் ஒரு பூச்சு. இதை விட்டுடாதீங்க, இல்லாட்டி ஸ்ப்ரே பெயின்ட் தெர்மகோலைக் கரைச்சுடும். அதன்மேல் சுவர் புட்டி, ஃபெவிகால், சலித்த மண் மூன்றையும் குழைத்துப் பூசுங்க. ஒரே தடவையில் தடியாகப் போட்டால் வெடிக்கும், மெல்லிசா ரெண்டு மூணு தடவை போடுங்க. ஈரமா இருக்கும்போதே மிச்சமான டிராக் துண்டை அழுத்தித் தடம் பதிக்கணும்.

தேங்கிய தண்ணீருக்கு எபாக்ஸி ரெசின். 100 சதுர செ.மீ. பரப்பில் 3 மி.மீ. ஆழம் என்றால் வெறும் 30 மி.லி. பழுப்பு பெயின்ட் ஒரு சொட்டு கலங்க, வயல் தண்ணீர் நீலமா இருக்காது. ஒரேயடியா ஆழமாக ஊற்றினால் சூடேறி நுரைக்கும். ஓரங்களை டேப் போட்டு அடைச்சுக்கோங்க, ஜன்னலைத் திறந்து வையுங்க, கையுறை போடுங்க. ரூம் மேட் தூங்கும்போது இந்த வேலை வேண்டவே வேண்டாம்.

கரும்புதான் பொறுமையைச் சோதிக்கும் பகுதி. மூணு மீட்டர் கரும்பு இங்க 8.5 செ.மீ., அதாவது ஏறக்குறைய டேங்கின் உயரம். மூணு செ.மீ. தடிமன் 0.9 மி.மீ. ஆகும். அந்தத் தடிமனில் நம்ம வீட்டிலேயே ஒன்று இருக்கு: தென்னை விளக்குமாற்று ஈர்க்கு, அதன் நுனிப் பாதி. நல்ல விளைச்சலில் ஒரு சதுர மீட்டருக்குப் பத்துக் கரும்பு நிற்கும். பலகையில் 10 செ.மீ. சதுரம் என்பது நிஜத்தில் 12 சதுர மீட்டர், ஆக 120 ஈர்க்கு. ஒவ்வொன்றுக்கும் ஏழெட்டு தாள் சோகை. ஆயிரம் துண்டு வெட்டணும்! விங்கில் இருக்கும் நண்பர்களைக் கூப்பிடுங்க, ஒரு படம் ஓடும் நேரத்தில் முடியும். டேங்க் வந்த வழியில் நிற்கும் கரும்பு எல்லாம் ஒரே திசையில் சாய்ந்து நசுங்கியிருக்கணும்.

பெயின்டிங் பற்றி வீடியோக்கள் நிறைய இருக்கு, அதனால் ஒன்றே ஒன்று. துருவை அள்ளிப் பூசாதீங்க. முந்தின நாள் வரை ஓடிய வண்டி அது. மேலே தூசி, கீழே சேறு, எக்ஸாஸ்ட் பக்கம் மட்டும் கொஞ்சம் துரு. கண்டோன்மென்ட் வாசலில் நிற்கும் பேட்டனைப் பார்த்து அளவு எடுக்கலாம், ஆனா நிறத்தை நம்பாதீங்க. பல தடவை பெயின்ட் அடிச்சிருப்பாங்க.

ஆட்கள் ரெண்டு போதும், ரெண்டு பேரும் இந்திய ஜவான்கள். அந்தக் காலத்து இந்திய வீரர் செட் கிடைப்பது கஷ்டம். இரண்டாம் உலகப் போர் பிரிட்டிஷ் பொம்மைகளை எடுத்து, எம்-சீலில் தலைப்பாகை கட்டி மாத்திக்கலாம். ஒருவர் துப்பாக்கியோடு திறந்து கிடக்கும் மேல் மூடியையே பார்க்கட்டும். உள்ளே ஆள் இருக்கா இல்லையான்னு அவருக்குத் தெரியாது. இன்னொருவர் குனிந்து தரையைப் பார்க்கட்டும்.

தரையில் என்ன? காலடித் தடம். எம்-47க்குள் ஐந்து பேர் இருப்பாங்க. டேங்கிலிருந்து கரும்புக்குள் போகும் தடம் ஐந்து பேருடையதா, மூன்று பேருடையதா, இல்லை ஒன்றுமே இல்லையா? ரத்தம் பூசிய பொம்மை எதுவும் தேவையில்லை, இந்த எண்ணிக்கை போதும். அந்த ஐந்து பேருக்கும் என்ன ஆச்சு என்பதை நீங்கதான் தீர்மானிக்கணும். 28 செ.மீ. பூட்ஸ் இங்க 8 மி.மீ. தீக்குச்சியைச் சீவி அச்சு செய்துக்கோங்க. ஆட்களைப் பற்றிக் கடைசியில் எழுதியிருந்தாலும் இதை முதலிலேயே முடிவு பண்ணணும், ஏன்னா புட்டி காய்ந்த பிறகு தடம் பதியாது.