உள்ளே வரும், வெளியே போகாது

அலுவலக மடிக்கணினியை வீட்டுக்கு எடுத்துவந்து வைஃபையில் இணைத்ததும் மெயில்கள் வரிசையாக வந்து விழுகின்றன. வாசிக்க முடிகிறது, பழையதைத் தேட முடிகிறது. பதில் எழுதி அனுப்பினால் மட்டும் அது அவுட்பாக்ஸிலேயே உட்கார்ந்துவிடுகிறது. யூடியூப் ஓடுகிறது, வங்கித் தளம் திறக்கிறது, பாஸ்வேர்டும் காலையில் அலுவலகத்தில் வேலை செய்த அதே பாஸ்வேர்டுதான். வீட்டிலிருந்து வேலை செய்பவர்கள் இந்தத் தொல்லையைச் சொல்லும்போது பெரும்பாலும் "நெட் சரியில்லை" என்று முடித்துவிடுவார்கள். பல வீடுகளில் நெட் சரியாகத்தான் இருக்கிறது. மெயில் போகாததன் காரணத்தைத் தேடினால் நாற்பது ஆண்டு வரலாறு ஒன்று வெளியே வருகிறது.

மெயில் வருவதும் போவதும் நமக்கு ஒரே திரையில் நடந்தாலும் இரண்டுக்கும் வழி வேறு, மொழியும் வேறு. வரும் மெயிலை எடுக்க நம் கணினி பெரும்பாலும் ஐமேப் என்ற முறையில் சர்வரோடு பேசுகிறது. அதற்கான போர்ட் எண் 993. ஒரே சர்வரிடம் எந்தச் சேவை வேண்டும் என்று சொல்லும் எண்தான் போர்ட். அனுப்புவதற்கு எஸ்.எம்.டி.பி. என்ற தனி முறை. அதன் பழைய போர்ட் எண் 25. ஜான் போஸ்டல் என்ற அமெரிக்கக் கணினி அறிஞர் 1982 ஆகஸ்டில் வெளியிட்ட ஆவணத்தில் அதன் விதிகள் இருக்கின்றன. இன்று உலகில் ஓடும் மெயில்களின் அடித்தளம் இன்னும் அதுதான்.

அந்த உரையாடலை ஒருமுறை கூர்ந்து கேட்டால் வியப்பாக இருக்கும். நம் கணினி இணைந்ததும் சர்வர் 220 என்கிறது: தயார். நம் கணினி வணக்கம் சொல்லித் தன் பெயரைத் தருகிறது. 250, சரி. அனுப்புபவர் இன்னார். 250, சரி. பெறுபவர் இன்னார். 250, சரி. இதோ கடிதம். 354, சொல்லுங்கள். கடிதம் முழுவதும் போகிறது. முடிந்ததற்கு அடையாளமாகத் தனி வரியில் ஒற்றைப் புள்ளி. 250, ஏற்றுக்கொண்டேன். மனிதர் ஒருவர் விசைப்பலகை முன் உட்கார்ந்து இந்த வரிகளைக் கையால் அடித்தே ஒரு மெயிலை அனுப்பலாம்; அவ்வளவு எளிய மொழி.

இதில் ஒரு கேள்வி இல்லை என்பதைக் கவனியுங்கள். "அனுப்புபவர் நீங்கள்தான் என்பதற்கு என்ன சான்று?" என்று சர்வர் எங்கும் கேட்கவில்லை. 1982இல் இந்தக் கடிதங்கள் ஓடிய வலையில் இருந்தவை சில நூறு கணினிகள். பல்கலைக்கழகங்கள், ஆய்வுக்கூடங்கள், ராணுவத்தோடு தொடர்புடைய நிறுவனங்கள். முன்பின் அறியாதவரின் கடிதத்தையும் வாங்கி அடுத்த சர்வருக்குத் தள்ளிவிடுவது அங்கே சாதாரண மரியாதை. அதற்கு முன்பே, 1978 மே மாதத்தில், டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தின் கேரி துர்க் அந்த வலையில் ஏறத்தாழ 400 பேருக்கு ஒரே விளம்பரத்தை அனுப்பிக் கண்டனம் வாங்கியிருந்தார். முதல் ஸ்பாம் என்று இன்று சொல்லப்படுவது அதுதான். இருந்தும் விதிகளை எழுதியவர்கள் மனிதரை நம்பியே எழுதினார்கள். அந்த நம்பிக்கை இல்லாமல் மின்னஞ்சல் இவ்வளவு வேகமாகப் பரவியிருக்காது என்றே நினைக்கிறேன்.

தொண்ணூறுகளில் இணையம் வணிகத்துக்குத் திறந்ததும் அந்த மரியாதையே ஓட்டையாகிவிட்டது. யார் கொடுத்தாலும் வாங்கி அனுப்பும் சர்வர்களைத் தேடிப் பிடித்து ஸ்பாம் வியாபாரிகள் லட்சக்கணக்கில் கொட்டினார்கள். நிர்வாகிகள் தங்கள் சர்வர்களை ஒவ்வொன்றாக மூடினார்கள். இணைய உரிமைப் போராளி ஜான் கில்மோர் போன்ற சிலர் கொள்கை காரணமாகத் திறந்தே வைத்திருந்தார்கள். அவருடைய சர்வர் தடைப்பட்டியல்களில் ஏறியது. அனுப்பும் வழி அடைபட்டதும் ஸ்பாம் கும்பல்கள் வீடுகளுக்குள் புகுந்தன. 2003இல் பரவிய சோபிக் போன்ற வைரஸ்கள் சாதாரண வீட்டுக் கணினிகளை உரிமையாளருக்கே தெரியாமல் மெயில் அனுப்பும் இயந்திரங்களாக மாற்றின. அவை 25ஆம் போர்ட் வழியாக உலகத்தின் எல்லா சர்வர்களோடும் நேரடியாகப் பேசின. இப்படி அடிமையான கணினிக் கூட்டங்கள் சிலவற்றை இயக்கிய சர்வர்கள் கலிஃபோர்னியாவில் மெக்கோலோ என்ற ஒரே நிறுவனத்தில் இருந்தன. 2008 நவம்பரில் அதன் இணைப்பைத் துண்டித்ததும் உலக ஸ்பாமில் பாதிக்கும் மேல் சட்டென்று மறைந்ததாக அளந்தவர்கள் சொன்னார்கள்.

வீட்டு இணைப்பைச் சந்தேகத்தோடு பார்க்கும் வழக்கம் இங்கிருந்துதான் வந்தது. பல நாடுகளில் இணைய நிறுவனங்கள் வீட்டு வாடிக்கையாளரிடமிருந்து 25ஆம் போர்ட்டில் வெளியே போகும் எதையும் நிறுத்தின. ஜப்பானில் 2005 முதல் இது பரவலானது. ஸ்பாமைக் கண்காணிக்கும் ஸ்பாம்ஹவுஸ் அமைப்பு 2007இல் தொடங்கிய ஒரு பட்டியலில், நேரடியாக மெயில் அனுப்ப வேண்டிய தேவையே இல்லாத வீட்டு ஐபி முகவரிகள் கூட்டம் கூட்டமாக இருக்கின்றன. உங்கள் முகவரி அதில் இருந்தால் நீங்கள் தவறு செய்தவர் என்று பொருள் இல்லை. "இது வீடு, இங்கிருந்து மெயில் சர்வர் ஓடக் கூடாது" என்பது மட்டுமே அதன் பொருள்.

அப்படியானால் வீட்டில் இருப்பவர் எப்படித்தான் அனுப்புவது? அதற்கான பதில் 1998 டிசம்பரிலேயே வந்துவிட்டது. சர்வர்கள் தமக்குள் பேச 25. மனிதர்கள் தங்கள் சர்வரிடம் கடிதத்தை ஒப்படைக்க 587 என்று வேலையைப் பிரித்தார்கள். 587இல் பயனர்பெயர், பாஸ்வேர்டு கேட்கலாம். பேச்சைப் பூட்டி மறைக்கலாம். 465 என்ற இன்னொரு எண்ணின் கதை விசித்திரமானது. 1997இல் பாதுகாப்பான மெயிலுக்கென்று ஒதுக்கினார்கள், விரைவிலேயே திரும்பப் பெற்று வேறொரு சேவைக்குக் கொடுத்தார்கள். ஆனால் உலகம் அதைப் பயன்படுத்துவதை விடவேயில்லை. 2018இல் இணையத் தரங்களை வகுப்பவர்களே வழிக்கு வந்து, 465ஐப் பயன்படுத்துங்கள் என்று பரிந்துரைத்தார்கள்.

இப்போது முதல் புதிரை அவிழ்க்கலாம். சொந்த மெயில் சர்வர் வைத்திருக்கும் பல சிறு அலுவலகங்களில் கணினிகளின் அமைப்பில் பழைய 25தான் கிடக்கிறது. அலுவலகத்துக்குள் இருக்கும்போது சர்வர் ஐபி முகவரியைப் பார்த்தே "நம் ஆள்" என்று ஏற்றுக்கொள்கிறது, பாஸ்வேர்டு கேட்பதில்லை. அதே மடிக்கணினி வீட்டுக்கு வந்தால், இணைய நிறுவனம் 25ஐ நிறுத்தியிருக்கும். நிறுத்தாவிட்டாலும் சர்வருக்கு அது அந்நிய முகவரி. முதல் நிலையில் பதிலே வராமல் காலம் கடந்துபோகும். இரண்டாவதில் 550 அல்லது 554 என்று தொடங்கும் மறுப்பு வரும். தீர்வு இரண்டுக்கும் ஒன்றே. வெளிச்செல்லும் சர்வருக்கான போர்ட்டை 587 (ஸ்டார்ட் டி.எல்.எஸ்.) அல்லது 465 (எஸ்.எஸ்.எல்./டி.எல்.எஸ்.) என்று மாற்றி, "இந்தச் சர்வருக்குப் பாஸ்வேர்டு தேவை" என்ற கட்டத்தில் குறி போட வேண்டும். சர்வரும் அந்த எண்களில் கேட்கத் தயாராக இருக்க வேண்டும். அது அலுவலகக் கணினிப் பிரிவின் வேலை.

சர்வர் தரும் மூன்று இலக்க எண்ணைப் பலர் படிக்காமலே மூடிவிடுகிறார்கள். முதல் இலக்கம் 4 என்றால் இப்போதைக்கு முடியாது, பிறகு வா. 5 என்றால் இப்படியே திரும்ப அனுப்பிப் பயனில்லை. 535 பாஸ்வேர்டு கோளாறு. அதில் ஒரு நுணுக்கம் உண்டு: கூகுள் 2022 மே மாத இறுதியில் தனிநபர் கணக்குகளில் வெறும் பாஸ்வேர்டு கொண்டு நுழையும் பழைய செயலிகளை நிறுத்தியது. சரியான பாஸ்வேர்டும் அங்கே தவறாகிவிடும். செயலிக்கென்று தனிப் பாஸ்வேர்டு எடுக்க வேண்டும். எண் எதுவுமே வராவிட்டால் கைபேசியின் ஹாட்ஸ்பாட்டில் இணைத்து அதே மெயிலை அனுப்பிப் பாருங்கள். போனால், கோளாறு வீட்டு இணைப்பில் இருக்கிறது. போகாவிட்டால் கணினியையும் சர்வரையும் பாருங்கள்.

எனக்கு மிகவும் பிடித்த புதிர் இன்னொன்று. எல்லா அமைப்பும் சரி. "சரி சார், நாளைக்கு அனுப்புகிறேன்" என்ற ஒரு வரி மெயில் பறக்கிறது. கூடவே ஒரு பி.டி.எஃப். வைத்தால் நகரவே மறுக்கிறது. இதற்குக் காரணம் வெறும் 8 பைட்.

இணையத்தில் எல்லாமே சிறு பொட்டலங்களாகத்தான் போகின்றன. ஈதர்நெட் விதிகள் 1980இல் எழுதப்பட்டதிலிருந்து ஒரு பொட்டலத்தின் உச்ச அளவு 1500 பைட். ரௌட்டரில் பயனர்பெயரும் பாஸ்வேர்டும் போட்டு இணையும் பிராட்பேண்ட் பலவற்றில், ஒவ்வொரு பொட்டலத்தின் தலையிலும் 8 பைட் கூடுதலாக ஏறுகிறது. ஆகவே உள்ளே இருக்கும் சரக்குக்கு 1492தான் மிச்சம். அதற்கு மேல் வி.பி.என். போட்டால் இன்னும் குறையும். ஒரு வரி மெயிலின் பொட்டலங்கள் சிறியவை, தடையில்லாமல் போய்விடும். பி.டி.எஃப். 1500 பைட் பொட்டலங்களாக வெட்டப்பட்டுப் புறப்படுகிறது. ரயில்வே பாலத்தடியில் உயரம் தாண்டிய லாரி மாட்டிக்கொள்வதுபோல அவை குறுகிய இடத்தில் நின்றுவிடும். அங்குள்ள ரௌட்டர் "பெரிதாக இருக்கிறது, சிறிதாக்கி அனுப்பு" என்று ஒரு குறிப்பைத் திருப்பி அனுப்ப வேண்டும். ஜெஃப்ரி மோகல், ஸ்டீவ் டீரிங் இருவரும் 1990இல் வகுத்த முறை அது. ஆனால் பாதுகாப்பு என்ற பெயரில் அந்தக் குறிப்புகளை விழுங்கும் ஃபயர்வால்கள் ஏராளம். குறிப்பு வராததால் நம் கணினி அதே பெரிய பொட்டலத்தைத் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டே இருக்கிறது.

இதைக் கண்டுபிடிக்க ஓர் எளிய சோதனை உண்டு. பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது என்ற குறியோடு 1472 பைட் பிங் (சோதனைப் பொட்டலம்) அனுப்புங்கள். தலைப்புக்கான 28 பைட்டும் சேர்ந்து 1500 ஆகும். அது போகாமல் 1464 போனால் உங்கள் பாதை 1492தான். ரௌட்டரிலோ வி.பி.என். செயலியிலோ எம்.டி.யு. என்ற மதிப்பை அதற்கேற்பக் குறைத்தால் மணிக்கணக்கில் நின்ற மெயில் நொடியில் கிளம்பும்.

இணைப்புக் கோப்பின் எடையிலும் ஒரு சூட்சுமம். மெயில் எழுத்துகளுக்காகவே பிறந்தது. படமும் கோப்பும் அதில் போக 1992இல் மைம் என்ற முறை வந்தது. ஒவ்வொரு 3 பைட்டையும் 4 எழுத்துகளாக எழுதி அனுப்புகிறார்கள். எனவே 20 எம்.பி. கோப்பு புறப்படும்போது ஏறத்தாழ 27 எம்.பி. ஜிமெயிலின் 25 எம்.பி. வரம்பில் அது முட்டி நிற்கும். பதிவேற்ற வேகம் 512 கே.பி.பி.எஸ். மட்டுமே உள்ள பழைய தொலைபேசிக் கம்பி இணைப்பில் அதை அனுப்ப ஏழு நிமிடம் ஆகும். அதற்குள் செயலி பொறுமை இழந்து இணைப்பைத் துண்டித்துவிடக்கூடும்.

சில நேரம் இதற்கு நேர் எதிரானது நடக்கும். அவுட்பாக்ஸ் "போகவில்லை" என்கிறது. அதிகாரி "ஒரே மெயில் மூன்று முறை வந்தது" என்கிறார். அந்த ஒற்றைப் புள்ளியை நினைவில் வையுங்கள். சர்வர் கடிதத்தை வாங்கி 250 சொல்கிறது. அந்த 250 வந்துசேருமுன் இணைப்பு அறுந்தால், போகவில்லை என்று நினைத்து நம் கணினி மீண்டும் அனுப்புகிறது. கிரெய்க் பார்ட்ரிட்ஜ் 1988இலேயே இதை எழுதி எச்சரித்தார். இன்றும் அது முழுதாகத் தீரவில்லை.

ஒரு குறுக்குவழியை மட்டும் தவிருங்கள். அலுவலக சர்வர் ஒத்துழைக்காதபோது, வீட்டு இணைய நிறுவனத்தின் சர்வர் வழியாக அலுவலக முகவரியிலேயே அனுப்பும் பழக்கம் முன்பு இருந்தது. இன்று பெறும் சர்வர்கள், அந்த முகவரிக்காக அனுப்ப எந்தச் சர்வருக்கு உரிமை உண்டு என்று எஸ்.பி.எஃப். பதிவில் சரிபார்க்கின்றன, டிகிம், டிமார்க் சோதனைகளும் சேர்ந்திருக்கின்றன. 1982இல் கேட்காமல் விட்ட கேள்வியை இப்போது இப்படிச் சுற்றி வளைத்துக் கேட்கிறார்கள். உங்கள் கடிதம் போய்விட்டதாகத் தோன்றும். அங்கே ஸ்பாம் பெட்டியில் கிடக்கும்.

ஆகவே உதவி கேட்டு அழைக்கும்போது "மெயில் போகவில்லை" என்று மட்டும் சொல்லாதீர்கள். எந்தப் போர்ட், என்ன எண் வந்தது, ஹாட்ஸ்பாட்டில் போனதா, சிறிய மெயில் போகிறதா, வி.பி.என். ஓடுகிறதா என்ற ஐந்தையும் குறித்து வைத்துக்கொண்டு பேசுங்கள். மறுமுனையில் இருப்பவர் அரை நாள் தேடுவது மிச்சமாகும். 25ஆம் போர்ட்டைத் திறந்துவிடச் சொல்லி இணைய நிறுவனத்திடம் மட்டும் மன்றாட வேண்டாம். அது மூடியே இருக்கட்டும். உங்களுக்கு வேண்டியது 587 அல்லது 465.